தகடூர்ப் புன்செய் மண்: எருவும் பயிர்மாற்றும் நீரும்

தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களில் கிடைத்துள்ள நடுகற்களைப் படிப்போர்க்குத் ‘தொறு’ என்பது நன்கு பழகிய சொல். தொறுவைக் கவர்ந்தோரும் அதனை மீட்கப் பொருதோரும் பட்ட செய்தியை அக்கற்கள் வட்டெழுத்தில் கூறுகின்றன. பல்லவ மன்னரின் ஆட்சியாண்டுகளைக் குறிக்கும் கற்கள் இவற்றுள் பல. அரசியல் வரலாற்றுக்கும், எழுத்தின் வளர்ச்சிக்கும், வெட்சி கரந்தைத் துறைகளின் விளக்கத்திற்கும் அறிஞர் இவற்றைப் பெரிதும் பயன்படுத்தியுள்ளனர். அது பொருத்தமே. ஆயினும் உழவு வரலாற்றை ஆராய்வோர்க்கு வேறொரு வினா எஞ்சி நிற்கிறது. ஆநிரையை இழந்த ஊர் எதனை இழந்தது? பாலும் நெய்யும் ஏர்மாடும் போயின என்பது வெளிப்படை. அவற்றோடு அடுத்த மழைக்கு முன் கொல்லையில் இடவேண்டிய எருவும் போயிற்று. மழையை மட்டும் நம்பிய செம்மண் நிலத்தில் இவ்விழப்பு ஓராண்டோடு முடிவதன்று. மண் தன் நலத்தையும் தளர்ச்சியையும் பல்லாண்டு கழித்தே காட்டும். காட்டும்போதும் விளைச்சலில் மட்டுமன்றி, பெய்த நீரை ஏற்கும் முறையிலும் வடியவிடும் முறையிலும் காட்டும். பழைய தகடூர் நாட்டில் அந்நலம் எவ்வாறு காக்கப்பட்டது, எவ்வெப்போது குலைந்தது என்பதை நோக்குதலே இக்கட்டுரையின் கருத்து.

இன்றைய தருமபுரி மாவட்டம் 1965ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் சேலம் மாவட்டத்தினின்று பிரிக்கப்பட்டது. 2004இல் கிருட்டிணகிரி தனி மாவட்டமாயிற்று. ஆங்கிலேயர் ஆவணங்களில் பாரமகால் எனப்படும் பகுதி இவ்விரு மாவட்டங்களிலும் பரந்து கிடக்கிறது. மேற்கே ஒகேனக்கல்லில் காவிரி பாய்கிறது. கிழக்கே தென்பெண்ணை ஓடுகிறது. இடையே சின்னாறு, தொப்பையாறு, வாணியாறு முதலிய சிற்றாறுகள் உள்ளன. ஆறுகள் இருந்தும் இது ஆற்றுப்பாசன நாடு அன்று. நிலம் உயரமானது, சரிவானது. ஆறு தாழ்ந்து செல்வது. ஆண்டு மழை ஏறத்தாழ 850 மில்லிமீட்டர். அது தென்மேற்குப் பருவத்திலும் வடகிழக்குப் பருவத்திலும் பகிர்ந்து பெய்கிறது. மண் பெரும்பாலும் செம்மணற்சாரி மண். பல இடங்களில் ஆழம் குறைந்து, அடியில் சரளையும் பாறையும் தட்டுப்படும். அரூர்ப் பக்கத்தில் கரிசல் திட்டுகள் உண்டு. இத்தகைய செம்மண்ணில் களியின் பங்கு குறைவு; மக்கு குறைவு. நீரைப் பிடித்துவைக்கும் ஆற்றலும், பயிருணவைப் பற்றிவைக்கும் ஆற்றலும் ஆகிய இரண்டும் மக்கையே பெரிதும் சார்ந்துள்ளன. மக்குக் குறைந்தால் மேல்மண் மழைத்துளி பட்டுப் பொருக்குக் கட்டும். பொருக்குக் கட்டிய நிலத்தில் நீர் உட்புகாது சரிவில் ஓடும். ஓடும்போது நுண்மண்ணையும் உடன்கொண்டு போகும். மேட்டு நிலம் காய, அதே நீர் பள்ளத்து நிலத்தில் தேங்கி, நாளடைவில் உவரை மேலேற்றும். வறட்சியும் வடிகாற்கேடும் எதிரெதிரானவை போலத் தோன்றினும், இங்கு அவை ஒரு மரத்துக் கிளைகளே.

எருவைப் பற்றித் தமிழில் பேசுவோர் திருக்குறளின் உழவு அதிகாரத்தைச் சுட்டாமல் விடுவதில்லை. அவ்வதிகாரத்தில் அடுத்தடுத்து நிற்கும் 1037, 1038ஆம் குறள்களை ஒருங்கு வைத்து நோக்குவோர் மிகச் சிலரே. முதலாவது, ஒரு பலப் புழுதி காற்பலமாகும்படி உழுது உலர்த்தினால் ஒருபிடி எருவும் வேண்டாது விளையும் என்கிறது. அடுத்ததோ, உழுதலினும் எருவிடுதல் நன்று என்கிறது. எரு வேண்டா என்றவரே எரு உழவினும் மேல் என்றது முரண் அன்றோ? உரைகளில் இதற்கு அமைதி உண்டு. உழவின் சிறப்பை உயர்த்திக் கூறியது முன்னது என்று கொள்ளலாம். எடையளவில் நான்கில் மூன்று பங்கு நீராயிருக்கும் உழுநிலம் இல்லையாதலின், அவ்வளவு உயர்வுநவிற்சியே என்பது தெளிவு. ஆனால் உயர்வுநவிற்சி என்று சொல்லி அதனை ஒதுக்கிவிடவும் இயலாது. கென்யா நாட்டு முகுகாவில் ஆய்வு நிகழ்த்திய பர்ச் என்பார் 1958இல் வெளியிட்ட கட்டுரையில், நன்கு உலர்ந்த மண் மீண்டும் நனையும்போது அதிலுள்ள மக்கு விரைந்து சிதைந்து தழைச்சத்தைத் திடுமென வெளியிடுகிறது என்று காட்டினார். மண்ணியலார் இதனை அவர் பெயராலேயே வழங்குகின்றனர். கோடையுழவால் உலர்ந்த புழுதி முதல் மழைக்குப் பின் எரு இன்றியும் பயிரைச் செழிக்கச் செய்வது இதனால் விளங்கும். அச்செழிப்பு வருவது எங்கிருந்து? மண்ணில் முன்னரே இருந்த மக்கின் சேமிப்பிலிருந்து. எடுத்துக்கொண்டே இருந்தால் சேமிப்புக் குறையும். நிரப்ப எரு வேண்டும். முன்னைய குறள் செலவையும் பின்னைய குறள் வரவையும் கூறுகின்றன என்று கொள்வதில் தவறில்லை. வள்ளுவர் இன்றைய மண்ணியலை அறிந்திருந்தார் என்று இதனால் நாம் கூறவில்லை. அவ்வாறு பழநூல்களில் புதுமையை ஏற்றிக் கூறும் வழக்கம் ஆராய்ச்சிக்கு நன்மை செய்ததில்லை. உழவர் கண்டறிந்த இரு உண்மைகளை அவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார் என்ற அளவே நம் துணிபு.

பயிர்களைக் கலந்தும் மாற்றியும் விதைத்தல் தமிழகப் புன்செயில் தொன்மையானது. பறம்பு நாட்டைப் பற்றிக் கபிலர் பாடிய புறநானூற்று 120ஆம் பாட்டில், செம்மண் மேட்டைப் பலகால் உழுது விதைத்தலும், பல்லியாடுதலும், களையெடுத்தலும், வரகு முதிர்தலும், தினை கொய்தலும், எள்ளும் அவரையும் பருவம் அடைதலும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. பல்லி என்பது பற்களையுடைய ஒரு கருவி. இளம்பயிரிடையே அதனை ஓட்டிப் பயிரைக் கலைப்பர். ஒரே நிலத்தில் நான்கு விளைபொருள் முதிரும் முறை அப்பாட்டில் உள்ளது. இதனை இன்றைய பொருளில் பயிர்ச்சுழற்சி என்று பெயரிடுவது மிகை. கலப்புப் பயிர் என்னலாம். தகடூர் நாட்டிலோ கலப்பும் சுழற்சியும் ஆகிய இரண்டும் அண்மைக் காலம் வரை தழைத்திருந்தன. கேழ்வரகின் சால்களுக்கு இடையே அவரை, துவரை, ஆமணக்கு, பேயெள் முதலியவற்றைச் சால்விட்டு விதைப்பர். அண்டைக் கன்னட நாட்டில் இதற்கு அக்கடிச் சால் என்று பெயர். ஆடி மழைக்கு முன்பின்னாக விதைத்த சாமையை அறுத்த பின், எஞ்சிய ஈரத்தில் கொள்ளு விதைப்பர். கொள்ளும் அவரையும் துவரையும் வேர்முடிச்சுகளால் காற்றிலுள்ள தழைச்சத்தை நிலைப்படுத்தும் இனத்தன. துவரையின் ஆணிவேர் கடினமான அடிமண்ணைத் துளைத்து இறங்கும்; அது மடிந்தபின் அவ்வழியே நீர் இறங்கும். கொள்ளுக்கொடியோ வடகிழக்குப் பருவ மழையின் வேகம் நிலத்தைத் தாக்காவண்ணம் மண்ணை மூடிக்கொள்ளும். சாமைக்குப் பின் கொள்ளு என்பதை ஏழை உழவரின் இரண்டாம் வருவாய் என்று மட்டும் எழுதிச்செல்லுதல் அதன் பாதியைக் கூறுவதேயாகும்.

எருவுக்கு இந்நாட்டில் ஊற்றுகள் மூன்று இருந்தன. ஒன்று மாட்டுத்தொழுவத்துக் குப்பை. கோடையில் அதனை வண்டியேற்றிக் காட்டில் கொட்டுவதைக் ‘குப்பையடித்தல்’ என்பர். இரண்டாவது ஆடுமாடுகளை இரவில் நிலத்திலேயே அடைத்துவைக்கும் பட்டி அல்லது கிடை. இதில் சாணத்தோடு சிறுநீரும் மண்ணிற் சேரும். தழைச்சத்தில் பெரும்பங்கு சிறுநீரில்தான் உள்ளது. இப்பகுதியின் ஆநிரை ஊர்ப்புறத்தில் மட்டும் மேய்ந்ததன்று. ஒகேனக்கல் அருகே காவிரிக் கரையிலுள்ள ஆலம்பாடியின் பெயரால் வழங்கும் மாட்டினம் காட்டு மேய்ச்சலில் வளர்ந்தது. பகலில் காட்டில் மேய்ந்து இரவில் கொல்லையில் கிடக்கும் நிரை, காட்டின் வளத்தை நாள்தோறும் சிறிது சிறிதாக உழுநிலத்திற்குச் சுமந்து வந்தது என்னலாம். பென்னாகரத்துக் காடும் பாலக்கோட்டுக் கேழ்வரகும் இவ்வகையில் ஒரு குடும்பம்.

மூன்றாவது ஏரி வண்டல். சரிவில் கழுவப்பட்டு வந்த நுண்மண் ஏரியில் படியும். கோடையில் ஏரி வற்றியதும் அதனை வெட்டி மேட்டு நிலத்தில் இடுவர். மணற்பாங்கான செம்மண்ணுக்கு வண்டலிலுள்ள களியும் மக்கும் நீர்பிடிப்பைக் கூட்டும். ஏரியின் கொள்ளளவும் மீளும். சோழர் கல்வெட்டுகளில் ஏரிப்பட்டி என்னும் பெயரால் ஏரியின் பேணுகைக்கு விடப்பட்ட நிலங்களும், ஏரியினின்று மண் எடுத்துக் கரையில் இடுவதற்கான ஏற்பாடுகளும், அதற்குரிய ஓடங்களும் காணப்படுகின்றன. நாம் அறிந்த கல்வெட்டுகளில் எடுத்த மண் கரைக்கே போகிறது. உழவர் வழக்கில் அது வயலுக்கும் போகிறது. கல்வெட்டு, சபையின் கணக்கு. வண்டி, உழவனின் கணக்கு. ஒன்றில் காணப்படாதது மற்றொன்றில் இல்லை என்று முடிவு செய்தல் கூடாது.

இம்முறைகள் மண்ணுக்கு நன்மை செய்தன என்பதைச் சொல்லாராய்ச்சி கொண்டும் பாட்டின் சான்று கொண்டும் நிறுவ இயலாது. ஒரே நிலத்தில் ஒரே முறையைப் பல தலைமுறை தொடர்ந்து செய்து, ஆண்டுதோறும் அளந்து எழுதிவைத்தாலன்றி அது புலப்படாது. அத்தகைய ஆய்வுகளுள் முதன்மையானது இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் என்னுமிடத்தில் லாஸ், கில்பர்ட் ஆகிய இருவரும் 1843இல் தொடங்கிய பிராட்பாக் கோதுமை வயல். ஒரு பாத்திக்கு எருவே இல்லை. ஒரு பாத்திக்கு ஆண்டுதோறும் ஏக்கருக்கு 14 டன் தொழுவெரு. ஏனையவற்றுக்கு வெவ்வேறு உப்புரங்கள். அவ்வயலின் ஒவ்வொரு பாத்தியின் நடுவிலும் 1849இல் நிலத்தடி வடிகாற் குழாய் பதிக்கப்பட்டது. இங்குத்தான் நம் பொருளுக்கு நேரிய சான்று கிடைக்கிறது. மற்றப் பாத்திகளின் குழாய்கள் ஆண்டில் பலமுறை நீர் ஒழுக, தொழுவெருப் பாத்தியின் குழாய் ஆண்டுக்கு ஒருமுறை ஒழுகுவதே அரிதாயிற்று என்றும், சில ஆண்டுகளில் அதுவும் இல்லை என்றும் லாஸும் கில்பர்ட்டும் 1870ஆம் ஆண்டு வறட்சியை ஆராய்ந்தபோது எழுதினர். ஒரே வானம், ஒரே மழை, ஒரே சரிவு. எருவுண்ட மண் மழைநீரைத் தன்னிடத்தே நிறுத்திப் பயிருக்கு ஈந்தது. எருவுண்ணா மண் அதனைக் குழாய்க்கு விட்டது.

அக்குழாய்களில் வடிந்த நீரை 1860களின் பிற்பகுதியில் பகுத்தாராய்ந்தவர் அகஸ்டஸ் வோல்க்கர் என்னும் வேதியியலார். அம்மோனிய உப்பு மிகுதியாக இட்ட பாத்திகளின் வடிநீரில் நைட்ரேட்டு மிகுதியாகப் போவதையும், உடன் சுண்ணச்சத்தும் கரைந்து போவதையும் அவர் கண்டார். இட்ட உரத்தின் ஒரு பகுதி பயிரை அடையாமலே நிலத்தடி நீரோடு செல்கிறது என்பது அன்றே நிறுவப்பட்டது. அவர் மகன் ஜான் அகஸ்டஸ் வோல்க்கர் 1889இல் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, நாடு முழுதும் சுற்றி, 1893இல் தம் அறிக்கையை வெளியிட்டார். இந்திய உழவர்க்கு உழவு கற்பிக்க வந்தவர், பயிர்களை மாற்றியும் கலந்தும் விதைப்பதில் அவர்கள் தேர்ந்தவர்கள் என்று எழுத நேர்ந்தது. அவர் கண்ட குறை வேறு: விறகு இன்மையால் சாணம் அடுப்புக்குப் போகிறது, எலும்பும் எண்ணெய்வித்தும் கப்பலேறுகின்றன, நிலத்துக்குத் திரும்ப வேண்டியது திரும்பவில்லை. தந்தை வடிகாற் குழாயில் கண்ட இழப்பை மகன் துறைமுகத்திலும் அடுப்பிலும் கண்டார்.

தமிழகத்தில் இதற்கு இணையான வயல் கோயம்புத்தூரில் உள்ளது. சைதாப்பேட்டையிலிருந்த வேளாண்மைக் கல்லூரி கோவைக்கு மாறிய சில ஆண்டுகளுக்குள், 1909இல், அங்குள்ள செம்மண் நிலத்தில் நிலையான எருவாய்வுப் பாத்திகள் வகுக்கப்பட்டன. எரு இடாதது, தழைச்சத்து மட்டும், மணிச்சத்து மட்டும், சாம்பற்சத்து மட்டும், இவற்றின் கூட்டுகள், மாட்டெரு எனப் பிரித்து, ஒவ்வொரு பாத்திக்கும் அதே முறை மாறாது தொடர்கிறது. 1925இல் பாசன நிலத்திற்கென மற்றொரு தொகுதி தொடங்கப்பட்டது. 1971இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவானபோது இவை அதன் உடைமையாயின. அகில இந்தியத் திட்டம் ஒன்றின் உறுப்பாக 1972இல் கேழ்வரகு, மக்காச்சோளம், தட்டைப்பயறு என்னும் சுழற்சியில் வேறொரு நீண்டகால ஆய்வும் அங்கே தொடங்கிற்று. உலகிலேயே இத்துணை நீண்ட காலம் தொடர்ந்த வயல்கள் மிகச் சில. அவற்றுள் ஒன்று நம்மிடையே உள்ளது என்பதைத் தமிழ் கற்போர் பலர் அறியார்.

இவ்வயல்கள் கூறுவது சுருக்கமானது. தழைச்சத்தை மட்டும் பெற்ற பாத்தி காலப்போக்கில் எரு இல்லாப் பாத்தியின் பக்கம் சரிந்தது. மூன்று சத்தும் பெற்றது விளைச்சலில் நிலைத்தது. மாட்டெருப் பாத்தியில் மக்கு மிகுந்தது, மண்ணின் இறுக்கம் குறைந்தது, துளைவெளி கூடியது, நீர் உட்புகும் வேகம் உயர்ந்தது. சாம்பற்சத்து இடாத பாத்திகளில் மண்ணின் இருப்பே அதற்கு ஈடு கொடுத்துக் குறைந்து வந்தது. மணிச்சத்து இட்டவற்றில் அது மண்ணில் தங்கிப் பெருகியது. பெங்களூரில் 1978 முதல் மானாவாரிக் கேழ்வரகில் நடைபெறும் ஆய்வு இன்னும் நெருங்கிய சான்று. அம்மண்ணும் பயிரும் தருமபுரிக்கு அயல் அல்ல. அங்கும் உப்புரம் மட்டும் பெற்ற நிலம் தொடக்கத்தில் விளைந்து பின்னர்த் தளர, தொழுவெருவும் உப்புரமும் சேர்ந்தது தளராது நின்றது. இதிலிருந்து உப்புரம் தீது என்னும் முடிவுக்குத் தாவுவோர் உளர். வயல்கள் அவ்வாறு கூறவில்லை. எருவோடு சேர்ந்த உரமே எல்லாவற்றினும் மேலாக நின்றது. எருவை நீக்கிய உரமும், ஒரு சத்தை மட்டும் பெருக்கிய உரமுமே மண்ணைத் தளர்த்தின. பழமையைப் போற்றுவோர்க்கும் புதுமையைப் போற்றுவோர்க்கும் இது முழு உவகை தராது. ஆயினும் நூறாண்டுச் சான்று அதுவே.

இவ்வறிவோடு பாரமகாலின் வரலாற்றைத் திரும்பிப் பார்ப்போம். 1792ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாரமகால் ஆங்கிலக் கும்பினியின் கைக்கு வந்தது. அலெக்சாந்தர் ரீடும் அவர்க்கு உதவியாளரான தாமஸ் மன்றோவும் 1799 வரை இங்கு நிலத்தை அளந்து தீர்வை விதித்தனர். மன்றோ தருமபுரியில் தங்கியிருந்தார். இரயத்துவாரி முறையின் தொட்டில் இதுவே. அம்முறையின் தொடக்கத்தில் உழவன் ஆண்டுதோறும் சில நிலங்களை விட்டு வேறு நிலங்களை ஏற்கும் உரிமை பெற்றிருந்தான். தரிசு விடுதலுக்கு அதில் ஓரளவு இடம் இருந்தது. பின்னாளில் பட்டா நிலத்திற்குப் பயிரிட்டாலும் தரிசாக விட்டாலும் தீர்வை உண்டு என்பது நிலைபெற்றது. தீர்வை கட்டும் நிலத்தை எவன் வெறுமனே விடுவான்? தரிசுக்காலம் சுருங்குதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது நம் கருத்து. தரிசு சுருங்கினால் அங்கே மேய்ந்த மாடும் சுருங்கும்.

1876 முதல் 1878 வரை நிகழ்ந்த தாதுவருடப் பஞ்சத்தில் மிகக் கொடிய துன்பத்துக்கு உள்ளான மாவட்டங்களுள் சேலமும் ஒன்று. 1871ஆம் ஆண்டுக் கணக்கினும் 1881ஆம் ஆண்டுக் கணக்கில் அம்மாவட்டத்து மக்கள்தொகை பெரிதும் குறைந்து காணப்படுகிறது. மக்கள் மாண்டதை வரலாறு எழுதிற்று. மாடு மாண்டதை ஒரு வரியில் கூறிச் சென்றது. மழை மறு ஆண்டே திரும்பலாம். இறந்த நிரையை வளர்க்கப் பல்லாண்டு வேண்டும். அந்நாள் வரை நிலம் எருவின்றிக் கிடக்கும். நடுகல்லில் தொறு இழந்த ஊரின் நிலையே இங்கு மாவட்டம் முழுமைக்கும் நேர்ந்தது. ஊர் மீளுமுன்னரே 1882இல் சென்னைக் காட்டுச் சட்டம் வந்தது. காடுகள் ஒதுக்கப்பட்டன, மேய்ச்சலுக்குக் கட்டணமும் கட்டுப்பாடும் வந்தன, தழையெரு வெட்டுதல் குற்றமாயிற்று. காட்டைக் காத்தல் வேண்டும் என்பதில் ஐயமில்லை. மலைச்சரிவு மொட்டையானால் கீழுள்ள ஏரி தூர்ந்துவிடும். ஆயினும் காட்டிலிருந்து கொல்லைக்கு வந்த வளத்தின் வழி அடைபட்டதற்கு மாற்றாக ஏதும் வைக்கப்படவில்லை.

உப்புரத்தின் வரவு நெடுநாளைக்குப் பின்னர் நிகழ்ந்தது எனப் பலர் எண்ணுவர். இந்தியாவின் முதல் சூப்பர் பாஸ்பேட் ஆலை 1906இல் இராணிப்பேட்டையில் தோன்றியது. தருமபுரிக்கு அது தொலைவன்று. எனினும் அவ்வுரம் புன்செய் உழவனை எட்டவில்லை. 1951இல் சிந்திரியும், 1971இல் மணலியும், 1975இல் தூத்துக்குடியும் உரம் ஆக்கத் தொடங்கிய பின்னரே யூரியா சிற்றூர்க் கடைக்கு வந்தது. அதனோடு மின்னிறைப்பியும் பின்னர் ஆழ்துளைக் கிணறும் வந்தன. சாமையும் கொள்ளும் இருந்த நிலத்தில் மரவள்ளியும், கரும்பும், தக்காளியும், மஞ்சளும் இடம்பிடித்தன. இவற்றுள் மரவள்ளி கருதற்குரியது. சேலத்துச் சவ்வரிசி ஆலைகளின் தேவையால் அது தருமபுரியில் பரவிற்று. கிழங்கோடு சாம்பற்சத்தை மிகுதியாக எடுத்துச்செல்லும் பயிர் அது. மேலும் கிழங்கு பறிக்குங்கால் நிலம் முழுதும் கிளறப்பட்டுச் சரிவில் மண் கழுவப்படும். அதனைக் கொள்ளோடும் துவரையோடும் மாற்றிப் பயிரிட்டால் கேடில்லை. தொடர்ந்து பயிரிட்டால் கோவையில் சாம்பற்சத்து இடாத பாத்தியின் நிலையே வந்துசேரும்.

1992இல் மணிச்சத்து, சாம்பற்சத்து உரங்களின் விலைக்கட்டுப்பாடு நீக்கப்பட, யூரியாவுக்கு மட்டும் கட்டுப்பாடு நின்றது. 2010இல் சத்தின் அடிப்படையில் மானியம் வழங்கத் தொடங்கியபோதும் யூரியா அத்திட்டத்துக்குப் புறம்பேயிருந்தது. மலிவானதையே உழவன் வாங்கினான். கோவைப் பாத்திகளில் எது நெடுங்காலத்திற்கு ஆகாது என்று 1909 முதல் அளந்து காட்டப்பட்டதோ, அதுவே விலைவாசியால் நாடெங்கும் பரப்பப்பட்டது. இது உழவனின் அறியாமை என்று எழுதுவோர் விலைப்பட்டியலைப் படிக்காதவராவர்.

நீரைப் பற்றி ஓர் எச்சரிக்கை கூறவேண்டும். தருமபுரி நிலத்தடி நீரில் புளூரைடு மிகுந்து, பற்களும் எலும்புகளும் பாதிக்கப்பட்ட செய்தி யாவரும் அறிந்தது. அதன்பொருட்டே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் செயலுக்கு வந்தது. மணிச்சத்து உரத்தின் மூலக்கல்லிலும் புளூரைடு இருப்பதைக் கொண்டு, உரமே இக்கேட்டுக்குக் காரணம் என்று கூறுவோர் சிலர். இம்மாவட்டத்தில் அதன் முதன்மை ஊற்று நிலத்தடிப் பாறையே. ஆழ்துளைக் கிணறுகள் பாறையை நோக்கி மேலும் மேலும் இறங்கியமையும், மேலிருந்து ஊறி நிரப்ப வேண்டிய மழைநீர் பொருக்குக் கட்டிய நிலத்தின் மேலாகவே ஓடிப்போனமையும் நிலையைக் கடினமாக்கியிருத்தல் கூடும். இதில் மண்ணின் மக்குக்குப் பங்கு உண்டு. உர மூட்டைக்கு நேரான பங்கு அவ்வளவு இல்லை. நைட்ரேட்டின் கதை வேறு. அது வோல்க்கர் கண்ட வழியிலேயே கிணற்றை அடைகிறது.

2017இல் தமிழக அரசு ஏரிகளின் வண்டலை உழவர் கட்டணமின்றி எடுத்துச் செல்ல இசைவளித்தது. பழைய வழக்கம் ஓர் ஆணையால் மீண்டமை மகிழ்தற்குரியதே. ஆனால் முன்பு வண்டல் சென்ற இடம் எருவுண்ட கொல்லை. குப்பையும் பட்டியும் உடன் இருந்தன. வண்டல் மட்டும் தனித்து நின்று மண்ணைத் திருத்துதல் அரிது. ஆலம்பாடி இனத்தின் பேணுகைக்கென்று மாவட்டத்தில் ஆய்வு மையம் ஒன்றும் இன்று உண்டு. அது பால் அளவையும் இழுவைத் திறனையும் மட்டும் பார்க்காமல், அந்நிரை கிடந்த நிலத்தின் மண்ணையும் பார்க்குமாயின், நடுகற்கள் விட்ட இடத்திலிருந்து கதை தொடரும்.

இனித் தமிழாய்வுத் துறைக்கு உரியதொரு பணி உள்ளது. ‘பட்டி’ என்னும் சொல் ஆநிரையை அடைக்கும் இடத்தையும், ஏரிப்பட்டி போன்ற தொடர்களில் ஒரு செயலுக்கு விடப்பட்ட நிலத்தையும், ஊரையும் குறிக்கிறது. பாப்பிரெட்டிப்பட்டி முதலாக இம்மாவட்டத்தில் பட்டி என முடியும் ஊர்கள் பல. கன்னட வழக்கின் தொடர்பால் ‘அள்ளி’ என முடிவனவும் பல. எப்பட்டி நிரை கிடந்த பட்டி, எப்பட்டி நிலக்கொடைப் பட்டி என்பதை ஊர்ப்பெயரை மட்டும் கொண்டு பிரித்தறிய முடியாது. நிலத்தின் உயரம், பழைய ஏரியின் இடம், நடுகல் நிற்கும் இடம் ஆகிய மூன்றையும் ஒரே நிலப்படத்தில் குறித்துப் பார்க்கவேண்டும். குப்பையடித்தல், வண்டலடித்தல், கோடையுழவு, சால் முதலிய சொற்களை எந்த ஊரில் எந்தப் பயிரோடு சேர்த்து வழங்குகின்றனர் என்பதையும் அப்படத்தில் ஏற்றலாம். கொள்ளு விதைப்பதை நிறுத்தி முப்பதாண்டு ஆன ஊரில் அச்சொற்களைக் கூறவல்ல முதியோர் இன்னும் சிலர் உளர். பாலக்கோடு, பென்னாகரம், அரூர் வட்டங்களிலிருந்து இப்பணியைத் தொடங்குதல் எளிது.